மடியில் வைத்த குழந்தை

சாமு,

நலம், நலமறிய ஆவல் என்று இந்த முறை தொடங்கப் போவதில்லை. நீங்கள் மூவரும் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததாகத் தந்தி வந்துவிட்டது. நான் நலமாக இல்லை, கோபமாக இருக்கிறேன். மீனம்பாக்கத்தில் உங்கள் விமானம் கிளம்பி இன்றோடு பதினோரு நாள் ஆகிறது. முதல் நாளே எழுதியிருந்தால் இது கடிதமாக இருந்திருக்காது, வெறும் திட்டாகப் போயிருக்கும். முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் நின்றவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. தப்புச் செய்த பிள்ளையை அந்த நிமிஷமே கூப்பிடமாட்டேன். மத்தியானச் சாப்பாடு முடியட்டும் என்று காத்திருப்பேன். அதே போல உனக்காகவும் காத்திருந்தேன். கோபம் குறையவில்லை. கொஞ்சம் வரிசைக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். ஷீலாவையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு படி. இது அவள் குழந்தையைப் பற்றியதும்தான்.

ஞானஸ்நானத்தன்று காலையில் நடந்ததை நீ மறந்திருப்பாய். நான் சொல்கிறேன். பெரியப்பாவின் கார் வாசலில் நின்றது. குழந்தை என் கையில் இருந்தாள். எட்டு மாதக் குழந்தை, வெள்ளைக் கவுன், என் தோளில் எச்சில் வடித்துக்கொண்டு சிரித்தபடி இருந்தாள். நான் பின் சீட்டுக் கதவைத் திறந்து ஏறப் போனேன். அப்போது பெரியம்மா, தெருவே கேட்கிற குரலில், "சாமு, கொழந்தைய அவகிட்ட குடுத்துக் கார்ல ஏத்தாத. ஏற்கெனவே ஒண்ணைக் கைய விட்டவ" என்றார். பத்துப் பேர் நின்றிருந்தார்கள். ஷீலாவின் அம்மா அப்பாவும் நின்றிருந்தார்கள். நீ என்ன செய்தாய்? சிரித்தாய். "விடுங்க பெரியம்மா, நானே வச்சிக்கிறேன்" என்று சொல்லி என் தோளிலிருந்து குழந்தையை எடுத்தாய். எடுத்துக்கொண்டு முன் சீட்டில் போய் உட்கார்ந்தாய். குழந்தையை மடியில் வைத்து, நீ அங்கிருந்து ஆசையாக வாங்கிவந்து மாட்டிய பெல்ட்டை இழுத்து, உன்னையும் குழந்தையையும் சேர்த்து ஒரே சுற்றாகப் போட்டு 'டக்'கென்று பூட்டினாய். "பாத்தீங்களா, அமெரிக்காக்காரன் எவ்ளோ ஜாக்கிரதை!" என்று பெரியப்பா மெச்சினார். பின் சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் தங்கை மெர்சி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த ஒரு நிமிஷத்தில் நீ இரண்டு தப்புச் செய்தாய். ஒன்று எனக்குச் செய்தது. அதைப் பிறகு சொல்கிறேன். இன்னொன்று உன் குழந்தைக்குச் செய்தது. என் கோபத்தில் பெரிய பங்கு அதற்குத்தான், ஏனென்றால் அது தெரியாமல் செய்த தப்பு இல்லை. அந்த மாதிரி பெல்ட்டை இழுத்து அறுத்துப் பார்க்கும் சோதனைச்சாலையில்தான் உன் வேலை. உனக்குச் சம்பளமே அதற்குத்தான் வருகிறது.

நீ வந்த மூன்றாம் நாள் அந்த பெல்ட்டை மாட்டச் சானடோரியம் பக்கத்து மெக்கானிக்கிடம் போனோமே, நினைவிருக்கிறதா? அவர் பெல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னா சார் இது, ஏரோப்ளேன்ல கட்ற வாரா?" என்றார். "கார் மோதினா ஆள் எகிறிப் போகாம இருக்க" என்றாய். "நம்ம பெரியவரு காரு கியர்லயே எகிற மாட்டேங்குது, மோதி எங்க சார் எகிறப் போவுது?" என்று அவர் சொன்னதும் நான் கூடச் சிரித்துவிட்டேன். ஆனால் அவர் காருக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து சொன்னதுதான் பேச்சு. "சார், தரை துருப் புடிச்சிக் கீது. இதுல சும்மா போல்ட்டு போட்டா, ஆளோட சேத்து போல்ட்டும் இஸ்துகினு வந்துரும். அடியில கனமா தகடு வெச்சித்தான் முடுக்கணும்." எட்டாம் வகுப்பு கூடத் தாண்டாத மனிதர். பட்டை எவ்வளவு உறுதியானது என்பதைவிட, பட்டை எதில் கட்டியிருக்கிறது என்பதுதான் முக்கியம் என்று அவருக்கு ஒரே பார்வையில் தெரிந்தது. உனக்கு அது அன்றைக்கு மறந்துபோனது. குழந்தையை எதில் கட்டினாய்? உன் வயிற்றில் கட்டினாய்.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். உனக்குத் தெரிந்த கணக்குதான். இருந்தாலும் கரும்பலகையில் ஒரு தடவை பார். கார் மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நொடிக்குப் பதினோரு மீட்டர் போகிறது என்று வை. நம் ஜி.எஸ்.டி. ரோட்டில் அது ஒரு வேகமே இல்லை. மரத்தில் மோதுகிறது. காரின் மூக்கு அரை மீட்டர் நசுங்கி நிற்கிறது. உனக்கும் அந்த அரை மீட்டர்தான் கிடைக்கிறது, நிற்பதற்கு. நேரம் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. அந்த நேரத்தில் ஒவ்வொரு பொருளும் தன் எடையைப் போலப் பன்னிரண்டு மடங்கு கனத்தோடு முன்னால் போகப் பார்க்கும். எழுபது கிலோ சாமு எண்ணூற்று நாற்பது கிலோ ஆகிறான். பாரம் ஏற்றிய ஒரு கட்டை வண்டி என்று வைத்துக்கொள். முன்னால் பட்டை, பின்னால் கட்டை வண்டி, நடுவில் எட்டு மாதக் குழந்தை. உன் நெஞ்சுக்கும் பட்டைக்கும் நடுவில் அவளை மெத்தையாக வைத்திருந்தாய். பெல்ட் போடாமலே இருந்திருந்தால் கூட இதைவிட மேல் என்று சொல்லத் தோன்றுகிறது. "ஒரு மைல்தானேம்மா, சர்ச் வரைக்கும்தானே" என்பாய். மரம் மைல் கணக்குப் பார்த்து நிற்பதில்லை.

நீ பெல்ட்டைப் பற்றி முதன்முதலில் எழுதிய கடிதத்தை நான் எவ்வளவு சந்தோஷமாகப் படித்தேன் தெரியுமா? ஒவ்வொரு ஜூலையிலும் ஒன்பதாம் வகுப்பில் சடத்துவம், அதாவது நிற்பது நிற்கவும் ஓடுவது ஓடவும்தான் பார்க்கும் என்கிற பாடம், நடத்தும்போது தம்ளர் மேல் அட்டை, அட்டை மேல் காலணா வைத்துச் சுண்டிக் காட்டுவேன். அட்டை பறக்கும், காசு தம்ளரில் விழும். ஒரு வருஷம் ஒரு பெண் எழுந்து, "டீச்சர், அட்டைய மெதுவா இழுத்தா?" என்று கேட்டாள். மெதுவாக இழுத்தால் காசும் கூடவே வந்துவிடும். அவசரத்துக்கு ஒரு சட்டம், நிதானத்துக்கு ஒரு சட்டம் என்று அன்றைக்குச் சொன்னேன். நீ எழுதிய பெல்ட்டும் அப்படித்தான் இருந்தது. மெதுவாக இழுத்தால் சுருளிலிருந்து எவ்வளவு வேண்டுமானாலும் வரும். குனியலாம், கண்ணாடியைத் துடைக்கலாம். கார் வெடுக்கென்று நின்றால் உள்ளே தொங்கும் ஒரு சின்னக் குண்டு முன்னால் ஆடி, ஒரு நாக்கைத் தட்டிவிட, அந்த நாக்கு பல்சக்கரத்தைக் கடித்துக்கொள்ளும். பிறகு ஓர் அங்குலம் வராது. அந்தப் பட்டை தோள் எலும்பு மேலும் இடுப்பு எலும்பு மேலும்தான் போகவேண்டும், வயிற்றின் மேல் போகக் கூடாது, எலும்பு தாங்கும், குடல் தாங்காது என்றும் எழுதியிருந்தாய். அதை ஆசிரியர் ஓய்வறையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். "என் பிள்ளை எழுதினது" என்று மூன்று தடவை சொன்னேன்.

அதற்குப் பிறகு காற்றுப் பையைப் பற்றி எழுதினாய். முன்னால் மடித்து வைத்திருக்கும் பை, மோதிய மறுகணம், கண் இமைப்பதற்குள் வாயு நிரம்பி உப்பும். உப்பி அப்படியே விறைத்து நிற்காது. பின்னால் ஓட்டைகள் உண்டு, முகம் வந்து அழுத்த அழுத்தக் காற்று அந்த ஓட்டை வழியே போய்ப் பை தளரும். எனக்கு உடனே மார்க்கெட்டில் லாரியிலிருந்து பூசணிக்காய் இறக்குகிறவர்கள் ஞாபகம் வந்தது. மேலே இருப்பவர் தூக்கிப் போடுவார். கீழே நிற்பவர் கையை நீட்டிப் பிடித்து, காயோடு சேர்ந்து தானும் தாழ்வார். விறைப்பாக நின்று பிடித்தால் பூசணி இரண்டாகப் போகும். நிறுத்துவது எளிது, கொஞ்சம் கூட நேரம் கொடுத்து நிறுத்துவதுதான் வித்தை. அதே கடிதத்தில், அந்தப் பை பெரிய ஆளுக்கு மெத்தை, டாஷ்போர்டுக்குப் பக்கத்தில் நிற்கும் குழந்தைக்கோ உதை, அதனால் அதை வைத்து இன்னும் சண்டை நடக்கிறது என்றும் எழுதியிருந்தாய். இவ்வளவும் தெரிந்த கைதான் என் தோளிலிருந்து குழந்தையை எடுத்துக்கொண்டு முன் சீட்டுக்குப் போனது. அறிவு என்பது சோதனைச்சாலைக்குள் போகும்போது மாட்டிக்கொண்டு வெளியே வரும்போது கழற்றித் தொங்கவிடும் அங்கியா, சாமு?

இனி எனக்குச் செய்ததற்கு வருகிறேன்.

மெர்சிக்கு ஒன்றரை வயது, உனக்குப் பதினொன்று. பொங்கல் முடிந்த சனிக்கிழமை. பெரியப்பா பழைய கார் ஒன்று வாங்கிப் புதிதாக வர்ணம் அடித்திருந்தார். கோவளத்துக்குப் போய்க் கடல் பார்த்து, மீன் வாங்கி வரலாம் என்று நம்மை அழைத்தார். உன் அப்பாவுக்கு ஆபீஸ். எனக்குக் காரில் பின்னால் உட்கார்ந்தால் குமட்டும் என்று நானே முன் சீட்டைக் கேட்டு வாங்கினேன். அது என் தப்பு. அதை இன்றைக்கும் ஒப்புக்கொள்கிறேன். மெர்சி என் மடியில். பின்னால் நீயும் பெரியம்மாவும், நடுவில் அடுக்குக் கேரியர். வண்டலூர் தாண்டிக் கேளம்பாக்கம் ரோட்டில் திரும்பியதும் பெரியப்பாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "வண்டி எப்பிடிப் போவுது பாத்தியா?" என்று உன்னைக் கேட்டுக் கேட்டு அழுத்தினார். ஒரு ஊர் வந்தது. அறுவடைக் காலத்தில் அந்தப் பக்கத்தில் கதிரை ரோட்டிலேயே பரப்பிவிடுவார்கள். போகிற வண்டியெல்லாம் ஏறி மிதித்தால் தானியம் உதிரும். ரோடு நிறைய வைக்கோல். "யோவ், மெதுவா வாய்யா!" என்று ஒரு அம்மாள் கையை ஆட்டிக் கத்தியது எனக்குக் கேட்டது. பெரியப்பா வைக்கோல் மேல் வைத்துப் பிரேக்கை மிதித்தார். கார் சறுக்கிக்கொண்டு போய்ப் புளியமரத்தில் முட்டியது.

எனக்கு அந்த ஒரு நொடி ஞாபகம் இல்லை. மெர்சி டாஷ்போர்டின் விளிம்பில் அடிபட்டு என் காலடியில் கிடந்தாள் என்பது ஞாபகம் இருக்கிறது. நெற்றியிலிருந்து இடது புருவத்தின் வழியாகக் கண் வரைக்கும் பிளந்திருந்தது. அந்த ஊர்க்காரர்கள் ஒரு லாரியை நிறுத்தி நம்மைத் தாம்பரம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். உன் அப்பா ஓடி வந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் முதலில் கேட்டது உன்னைத்தான். "என்னடா ஆச்சு?" நீ சொன்னாய்: "அம்மா கையை விட்டுட்டாங்கப்பா. பாப்பா பறந்து போயிடுச்சு."

பதினோரு வயதுப் பிள்ளை பின் சீட்டிலிருந்து பார்த்ததைச் சொன்னது. அந்தப் பிள்ளை மேல் எனக்கு அன்றும் கோபம் இல்லை, இன்றும் இல்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை எல்லோரும் எப்படிப் பிடித்துக்கொண்டார்கள் பார். பெரியப்பா வேகமாக ஓட்டினார் என்று யாரும் சொல்லமுடியாது. அவர் பெட்ரோல் போட்டு, ஆசையாக அழைத்துக்கொண்டு போனவர். ஓசியில் ஏறிப் போனவர்கள் ஓட்டியவரைக் குறை சொல்வது நம் வீட்டில் மரியாதை இல்லை. ஆனாலும் குழந்தையின் ஒரு கண் பழுதாகியிருக்கிறது, பழி எங்கேயாவது இறங்கத்தானே வேண்டும்? என் மடியில் இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் விசாரித்தவர்களுக்குப் பெரியம்மா சொன்ன பதில் அதுதான். உன் அப்பா ஒரு நாளும் என்னைத் திட்டவில்லை. "விடு, வேணும்னா செஞ்ச?" என்பார். திட்டியிருந்தால் தேவலை. மன்னிப்பதற்கு முன்னால் குற்றவாளி என்று முடிவுசெய்தாக வேண்டுமே.

நானும் நம்பினேன் சாமு. எனக்கு என் மேலேயே தீராத கோபம் அதில்தான். ஒவ்வொரு ஜூலையும் காசைச் சுண்டிக் காட்டியவள், ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அந்தக் கணக்கை ஒரே ஒரு தடவை போட்டுப் பார்க்கவில்லை. பஸ் நின்றால் நிற்பவர் முன்னால் விழுவார், ரயில் நின்றால் மேலே வைத்த பெட்டி விழும், எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். தாயின் கை மட்டும் அந்தச் சட்டத்துக்கு வெளியே இருக்கிறது என்று நினைத்தேன் போலிருக்கிறது. உண்மையான தாய் பிடித்திருப்பாள், நான் விட்டுவிட்டேன். பதினாறு வருஷம் இதைச் சுமந்தேன். மெர்சியைச் சைக்கிள் தொடவிடவில்லை, உல்லாசப் பயணம் அனுப்பவில்லை. அவளுக்குப் பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தில் குரூப் போட்டோ எடுத்தார்கள். அவள் போகமாட்டேன் என்றாள். நான் வற்புறுத்தினேன். அப்போதுதான் சொன்னாள்: "நீங்க கெட்டியாப் பிடிச்சிருந்தா நானும் நேராப் பாத்துக்கிட்டு நின்னிருப்பேம்மா." இடது கண் மங்கலாகத் தெரிவதால் அவள் எதையும் முகத்தைச் சாய்த்துத்தான் பார்ப்பாள், உனக்குத் தெரியும். அதைச் சொல்லும்போதும் சாய்த்துத்தான் பார்த்தாள்.

போன வருஷம் உன் கடிதம் வந்தது. எனக்கு வந்தது இல்லை, அப்பாவுக்கு. சாப்பிடும்போது அவர் படித்துச் சிரித்தார்: "உன் பிள்ளை அங்க பொம்மை வச்சு விளையாடறானாம்." பெரிய பொம்மையை முன் சீட்டில் உட்காரவைத்து, அதன் மடியில் குழந்தைப் பொம்மையை வைத்து, இரண்டு கையையும் சுற்றிக் கட்டி, வண்டியைச் சுவரில் மோதவிட்டீர்கள். குழந்தைப் பொம்மை நிற்கவே இல்லை. அடுத்த தடவை கைகளை இரும்புக் கம்பியால் கோத்தீர்கள். பெரிய பொம்மையின் தோள் மூட்டுக் கழன்று வந்தது. "எந்த மனிதனாலும் பிடிக்க முடியாது, எவ்வளவு பலசாலியாக இருந்தாலும்" என்று எழுதியிருந்தாய். ஏதோ வேடிக்கை எழுதுவதைப் போல. அதற்கு அடுத்த வரியில் பனி பெய்கிறது என்று எழுதியிருந்தாய்.

கை கழுவிவிட்டு வந்து, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நான் அந்தக் கணக்கைப் போட்டேன். பதினாறு வருஷம் கழித்து, ஐந்து நிமிஷம் ஆயிற்று. மெர்சி அப்போது பத்துக் கிலோ. பன்னிரண்டு மடங்கு. நூற்றிருபது கிலோ. ஒரு மூட்டை அரிசியைவிடக் கனம். அந்த மூட்டையை என் இரண்டு கையில் பிடித்து நிறுத்த எனக்குக் கிடைத்தது ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு. அதுவும் நான் எங்கேயாவது கட்டப்பட்டு உட்கார்ந்திருந்தால்! நானும் அவளோடு சேர்ந்து பறந்துகொண்டிருந்தேன். மறுபடியும் மறுபடியும் போட்டுப் பார்த்தேன். விடை மாறவில்லை.

பிறகு உன் அடுத்த கடிதத்துக்குக் காத்திருந்தேன். 'அம்மா, நான் அன்றைக்குச் சொன்னது தப்பு' என்று ஒரு வரி வரும் என்று நினைத்தேன். அந்தப் பொம்மையை மடியில் வைத்துக் கட்டியபோது உனக்கு அந்தப் புளியமரம் ஞாபகம் வராமல் இருந்திருக்க முடியாது. வரி வரவில்லை. சரி, நேரில் சொல்வான் என்று நினைத்தேன். நீ வந்தாய். நேரில் என் கையிலிருந்து குழந்தையை எடுத்தாய்.

அன்று சாயங்காலம் நான் உன்னைக் கேட்டேன். விருந்தாளிகள் போய்விட்டார்கள், நீ பின்கட்டில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாய். "ஏன்டா எங்கிட்டேருந்து வாங்கின?" "பெரியம்மா வாய் சும்மா இருக்காதேம்மா, அதான்." "அந்தப் பொம்மை கதை உனக்குத் தெரியுமா, தெரியாதா?" நீ அடுக்குவதை நிறுத்தினாய். என் முகத்தைப் பார்க்கவில்லை. "தெரியும்மா. ஆனா அதெல்லாம் இப்ப எதுக்கு? முடிஞ்சு போன கதை."

யாருக்கு முடிந்தது? ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்ட பெண்ணுக்கு முடிந்துவிட்டதா? தன் அம்மா தன்னைக் கை நழுவவிட்டாள் என்று நம்பிக்கொண்டு ஒரு பெண் வளர்ந்திருக்கிறாள். அது பொய் என்று நிரூபிக்கும் படிப்பைப் படித்து, அதிலேயே சம்பாதிக்கும் அண்ணன் அவளுக்கு இருக்கிறான். அவனுக்குப் பெரியப்பாவின் முகம் சுருங்கிவிடுமோ என்று கவலை. மரியாதைக்குப் பயந்து உண்மையை நாற்காலி மாதிரி அடுக்கி மூலையில் வைத்தாய்.

நான் ஏன் மெர்சியிடம் நானே சொல்லவில்லை என்று கேட்பாய். குற்றம் சாட்டப்பட்டவள் தன் தீர்ப்பைத் தானே எழுதினால் யார் நம்புவார்கள்? சாட்சி சொன்னவன் நீ. நீதான் மாற்றிச் சொல்லவேண்டும். இந்தக் கடிதத்தை அவளிடம் காட்டமாட்டேன். பெரியப்பாவிடம் மட்டும் படித்துக் காட்டிவிட்டுத்தான் உறையை ஒட்டப் போகிறேன். அவரை அழவைக்க இல்லை. வைக்கோலைப் பற்றி அவரும் பதினேழு வருஷமாக ஏதோ ஒன்றைச் சுமந்துகொண்டுதான் இருப்பார். வயதாகிவிட்டது, இறக்கி வைக்கட்டும்.

குழந்தை விஷயத்தில் நான் சொல்வதை ஷீலாவும் கேட்கட்டும். அவளைக் காரில் யாரும் மடியில் வைக்கக் கூடாது. நீயும் கூடாது, ஷீலாவும் கூடாது, அடுத்த தடவை வந்தால் நானும் கூடாது. பின் சீட்டில் அவளுக்கென்று தனி இடம், அவளுக்கென்று தனிப் பட்டை. அங்கே உன் வீட்டில் அப்படி ஒரு நாற்காலி இருக்கிறது என்று ஷீலா சொன்னாள். அதைத் தூக்கிக்கொண்டு வா. பெட்டியில் இடம் இல்லை என்றால் எங்களுக்கு வாங்கும் வாசனைச் சோப்பையும் துணிமணியையும் விட்டுவிட்டு வா. நாற்காலியை மாட்டத் தகடு வேண்டும் என்றால் மெக்கானிக் இருக்கிறார். பெரியம்மா ஏதாவது சொன்னால் சொல்லட்டும். நான் வாசலில் நின்று, வகுப்பில் நாற்பது பேருக்குக் காட்டுவது போல, எல்லோருக்கும் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், எனக்குப் பழக்கம்தான்.

கடைசியாக ஒன்று. ஆஸ்பத்திரியில் மெர்சிக்குத் தையல் போடக் கொண்டுபோன பிறகு ஒரு நர்ஸ் என்னிடம் வந்தாள். என் கை முழுக்க ரத்தம். "கையைத் தொறங்கம்மா, துடைக்கணும்" என்றாள். எனக்குத் திறக்க வரவில்லை. வலது கை மூடியபடியே விறைத்திருந்தது. அவள் ஒவ்வொரு விரலாக நெம்பித்தான் பிரித்தாள். நீ பக்கத்தில் என் கைப்பையை வைத்துக்கொண்டு நின்றாய். என் கைக்குள் துணி இருந்தது. மெர்சிக்கு நானே தைத்த இளஞ்சிவப்பு பாப்ளின் கவுனின் இடுப்புப் பகுதி, உள்ளங்கை அகலம், நூல் நூலாகப் பிய்ந்து. பெரியம்மா அதைப் பார்த்துவிட்டு, "கையில துணிதான் மிச்சம், புள்ளைய விட்டுட்டா" என்றார். நானும் அப்படித்தான் அதைப் பார்த்தேன், பதினாறு வருஷமும். கணக்குப் போட்ட அன்றைக்குத்தான் பெட்டியின் அடியிலிருந்து எடுத்து வேறு மாதிரி பார்த்தேன். கை திறந்திருந்தால் துணி ஏன் கிழியவேண்டும், சாமு? வழுக்கிக்கொண்டல்லவா போயிருக்கும்?

அதைக் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டி ஒரு பாதியை இதோடு வைத்திருக்கிறேன். பட்டையை இரண்டு பக்கமும் கவ்வி இழுத்து, எத்தனை கிலோவில் அறுகிறது என்று பார்க்கும் இயந்திரம் உங்கள் சோதனைச்சாலையில் இருக்கிறது என்று எழுதியிருந்தாயே. அதில் இதைக் கவ்வவைத்து இழு. பழைய துணி, இற்றுப் போயிருக்கும், அளவு குறைவாகத்தான் காட்டும். அதையும் ஒளிக்காமல் சேர்த்து எழுது. முள் எந்த எண்ணில் நிற்கிறதோ, அத்தனை கிலோ வரைக்கும் என் கை திறக்கவில்லை.

அந்த எண் எனக்கு வேண்டாம். மெர்சிக்கு எழுது.

அம்மா